கைக்குழந்தையோடு காசி யாத்திரை: முழுமையான வழிகாட்டி

காசி யாத்திரையை யாரும் குழந்தைக்காகத் திட்டமிடுவதில்லை. தாத்தாவுக்குப் பித்ரு காரியம் செய்ய வேண்டும், பாட்டிக்கு விஸ்வநாதரைப் பார்த்துவிட வேண்டும், துணைக்கு மகனும் மருமகளும் வந்தால்தான் முடியும். அவர்கள் வந்தால் இடுப்பில் இருக்கும் பிள்ளையும் வந்துதானே ஆக வேண்டும்? அப்படிக் கிளம்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

"காசிக்குக் குழந்தையா, வேண்டவே வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காசியின் நெரிசல் ஊர் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. கோதௌலியா முனையிலிருந்து தசாஸ்வமேத கட்டம் (கட்டம் என்றால் கங்கைப் படித்துறை) வரை, விஸ்வநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகள், காலபைரவர் கோயில் வாசல் என்று சில இடங்களில், சில மணி நேரங்களில் அது குவிகிறது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் குழந்தை இல்லாதபடி நாளை அமைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

எந்த வயது, எந்த மாதம்

ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால், தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்ட பிறகு போவது இன்னும் நிம்மதி. கைக்குழந்தையைவிட நடக்க ஆரம்பித்த பிள்ளையை அழைத்துப் போவதுதான் காசியில் கடினம். கைக்குழந்தை தோளில் தூங்கிவிடும். ஒன்றரை வயதுப் பிள்ளை படியைக் கண்டால் இறங்கப் பார்க்கும், மாட்டைக் கண்டால் தொடப் பார்க்கும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் என்று கணக்கு வையுங்கள். முழங்கால் வலியோடு வரும் பாட்டியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவரையும் ஒருவர் கைப்பிடித்து இறக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் பிற்பகுதியும், பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையும் நல்ல காலம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் கடுமை. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், நம் ஊர்க் குழந்தைக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறிவிட்டால் படித்துறைகள் மூழ்கும், படகு நிற்கும்.

மாதம் பார்த்த பிறகு பஞ்சாங்கத்தையும் பாருங்கள். மகா சிவராத்திரி, கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும் தேவ தீபாவளி, ஹோலி, ஏறத்தாழ நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும் சாவன் மாதத் திங்கட்கிழமைகள் ஆகிய நாட்களில் குழந்தையோடு அங்கே இருக்க வேண்டாம். சாதாரண வாரத்திலும் திங்கட்கிழமை விஸ்வநாதர் சன்னதிக்குப் போகாதீர்கள்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளாவது ஆகும். ராமேஸ்வரத்திலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ நேரடி ரயிலில் கிளம்பினால் இரண்டு நாளைத் தாண்டும். பண வசதி இடம் கொடுத்தால், குழந்தையும் தாயும் விமானத்தில் போய், மற்றவர்கள் ரயிலில் வருவதில் தவறே இல்லை. பாபத்பூர் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சாலை நெரிசலையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள்.

ரயில் என்றால் ஏசி பெட்டியில் கீழ் பெர்த் கட்டாயம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஆனால் இரண்டு இரவு ஒரே பெர்த்தில் தாயும் பிள்ளையும் என்றால் இருவருக்கும் தூக்கம் போய்விடும், அதனால் ஒரு பெர்த் கூடுதலாக எடுப்பது நல்லது. ரயிலில் புடவையால் தூளி கட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பெட்டி குலுங்கும்போது முடிச்சு நழுவும். ஆள் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கட்டுங்கள், ராத்திரி அவிழ்த்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதைக் கவனியுங்கள். வாரணாசி ஜங்ஷன், முன்பு மண்டுவாடீ என்று இருந்த பனாரஸ் நிலையம், முகல்சராய் என்று பழைய ஆட்கள் சொல்லும் தீன்தயாள் உபாத்யாய் நிலையம் மூன்றும் வேறு வேறு. கடைசியாகச் சொன்னது கங்கைக்கு அக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து பாலம் தாண்டி வர நேரம் பிடிக்கும். விடியற்காலையில் வந்து இறங்கும் ரயில் என்றால், முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். அறை காலியாகும்வரை பிள்ளையோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற சோர்வு வேறில்லை.

எங்கே தங்குவது

யாத்திரை நன்றாக நடக்குமா என்பதை இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கும், அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் பக்கம் வேண்டும் என்று கோதௌலியாவிலோ விஸ்வநாதர் சந்திலோ அறை எடுப்பதுதான் பொதுவான வழக்கம். பெரியவர்கள் மட்டும் என்றால் சரி. குழந்தை இருந்தால் அது சரிப்படாது. கோதௌலியாவிலிருந்து ஆற்றுப் பக்கம் பெரும்பாலான நேரம் வண்டி விடமாட்டார்கள். பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும், ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அதே கூட்டத்தைக் கடக்க வேண்டும்.

நான் சொல்வது தெற்குப் பக்கம்: அஸ்ஸி கட்டம், அல்லது அனுமன் கட்டம்–கேதார் கட்டம் பகுதி. அஸ்ஸியில் ஆட்டோ கட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், இடமும் விசாலம். அனுமன் கட்டம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம். பாரதியார் இளம் வயதில் தங்கியிருந்த வீடு அங்கேதான். காஞ்சி மடத்துக் கோயில் இருக்கிறது, வாத்தியார்கள் இருக்கிறார்கள், இட்லியும் ரசம் சாதமும் கிடைக்கும். பிள்ளை இரண்டு நாள் பூரியும் கசோரியும் பார்த்து முகம் திருப்பிய பிறகு, ஒரு கிண்ணம் ரசம் சாதத்தின் அருமை உங்களுக்கே தெரியும்.

அனுமன் கட்டத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அதற்கு அடுத்தாற்போல் அரிச்சந்திர கட்டம். இரவு பகலாகச் சிதை எரியும் இடம். காற்று திரும்பினால் புகை வரும். அதனால் ஆற்றைப் பார்த்த அறையைவிட, உள்ளே தள்ளி இருக்கும் அறையையே கேளுங்கள். கங்கைக் காட்சி போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். இரண்டு நிமிடம் நடந்தால் கங்கை.

அறை பேசும்போது போனில் இவற்றை நேராகக் கேளுங்கள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை தூரம் நடக்க வேண்டும்? அறை எந்த மாடி, லிஃப்ட் உண்டா? வெந்நீர் எப்போதும் வருமா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? அப்புறம், ஜன்னலிலும் மொட்டை மாடியிலும் கம்பி வலை இருக்கிறதா? காசியில் பல வீட்டு மொட்டை மாடிகள் கூண்டு மாதிரிக் கம்பி போட்டுத்தான் இருக்கும். எல்லாம் குரங்குக்காக. கம்பியில்லாத மாடிக்குப் பிள்ளையைக் கையில் பிஸ்கட்டோடு அனுப்பவே கூடாது.

சந்தில் நடப்பது

தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சந்துகளில் கல் பாவிய தரை, குறுக்கே சாக்கடை, சாணம், இரண்டு எட்டுக்கு ஒரு படி. வண்டி உருளாது. குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பையோ, பழகிய கை என்றால் பழைய காட்டன் புடவையோ போதும். கூட்டத்தில் முதுகுப் பக்கம் கட்டாதீர்கள். முன்பக்கம், உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். மூக்கும் வாயும் துணியில் புதையாமல், தாடை நெஞ்சில் படாமல் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள்.

சந்து எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். இரண்டு கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும் அகலம். எதிரே ஒரு காளை அசையாமல் நிற்கும். பின்னாலிருந்து பைக் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். அந்த நேரம் "ராம் நாம் சத்ய ஹை" என்று சொல்லிக்கொண்டு மூங்கில் பாடையைத் தோளில் வைத்தபடி ஒரு கூட்டம் வளைவில் திரும்பும். முன்னே போய்விடலாம் என்று வேகம் எடுக்காதீர்கள். பக்கத்துக் கடைப் படியிலோ வீட்டுத் திண்ணையிலோ ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பி, குழந்தை உள்பக்கமாக இருக்கும்படி நில்லுங்கள். எல்லாம் கடந்த பிறகு நடங்கள். காளைக்கு எப்போதும் பின்பக்கம் போகாதீர்கள், வாலையும் காலையும் நம்ப முடியாது. "பச்சா ஹை, பையா" (குழந்தை இருக்கிறது, அண்ணா) என்று குரல் கொடுத்தால் பைக்காரர்களும் வேகம் குறைத்து வழிவிடுவார்கள். காசிக்காரர்களுக்குக் குழந்தை என்றால் தனி மரியாதை.

நடக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டில் மாட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கயிறு கட்டி அழைத்துப் போகிறார்களே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். தினமும் காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். சட்டைக்கு உள்பக்கம் உங்கள் போன் எண்ணையும் தங்குமிடத்தின் பெயரையும் இந்தியில் எழுதிய துணிச் சீட்டைத் தைத்துவிடுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் உடனே 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

இ-ரிக்ஷாவில் பக்கங்கள் திறந்திருக்கும். குழந்தையை வைத்திருப்பவர் முன்னோக்கிய இருக்கையில் நடுவில் உட்காரட்டும், ஓரத்தில் மற்றவர்கள்.

விஸ்வநாதர் தரிசனம்

2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகத்துக்குப் பிறகு கோயிலுக்குள் முன்பிருந்த மூச்சுமுட்டல் வெகுவாகக் குறைந்துவிட்டது. உள்ளே பெரிய முற்றங்கள், உட்கார இடம் உண்டு. நெரிசல் வரிசையிலும் கருவறை வாசலிலும்தான். குழந்தை இருப்பதால் பணம் கட்டிச் சீக்கிரம் பார்க்கும் 'சுகம் தரிசன' டிக்கெட்டை, கோயிலின் சொந்த இணையதளத்திலோ கவுண்டரிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் "நான் அழைத்துப் போகிறேன்" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

உள்ளே போன் அனுமதி இல்லை. லாக்கரில் வைத்துவிட வேண்டும். இதைப் பல குடும்பங்கள் யோசிப்பதே இல்லை. உள்ளே போன பிறகு ஒருவரை ஒருவர் தவறவிட்டால் கூப்பிட வழி இல்லை. அதனால் போனைக் கொடுப்பதற்கு முன்பே, "பிரிந்தால் எந்த வாசலில், எந்தக் கடைக்கு முன்னால் நிற்பது" என்று எல்லாரும் சேர்ந்து அந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பதற்குச் சற்று முன்பே பால் கொடுத்து, டயப்பரை மாற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் கல் தரை காலைச் சுடும், பிள்ளைக்குக் கெட்டி சாக்ஸ் போட்டுவிடலாம்.

கருவறை வாசலில் தள்ளுமுள்ளு தெரிந்தால், தாயும் தந்தையும் முறை வைத்துத் தனித்தனியே பாருங்கள், ஒருவர் பிள்ளையோடு முற்றத்தில் இருங்கள். குழந்தையை எல்லார் தலைக்கும் மேலே தூக்கிக் காட்ட வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். கால் தடுக்கினால் பிடிக்க ஆள் இருக்காது, அந்த ஆசை வேண்டாம்.

குழந்தைக்கு நிம்மதியான தரிசனம் வேண்டுமென்றால் இரண்டு கோயில்கள் சொல்வேன். கேதார் கட்டத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கேதாரேஸ்வரர் கோயில், மீர் கட்டத்துப் பக்கம் நகரத்தார் பராமரிக்கும் விசாலாட்சி கோயில். இரண்டிலும் நம் ஊர் வாடை உண்டு, கூட்டமும் குறைவு. காலபைரவர் கோயிலுக்குப் பெரியவர்கள் மட்டும் போய், காசிக் கயிறு வாங்கி வந்தால் போதும். அந்தக் கயிற்றைக் குழந்தையின் கழுத்தில் கட்டவே கட்டாதீர்கள், தூக்கத்தில் இறுக்கிவிடும். கையில் கட்டினாலும் வாயில் வைத்துச் சப்பும், சாயம் போகும். பூஜை அறையில் வைத்து, பிள்ளை வளர்ந்த பிறகு கட்டலாம்.

கங்கையும் படகும் ஆரத்தியும்

படித்துறைகளில் கைப்பிடிச் சுவர் கிடையாது. படிகள் உயரம், கடைசிப் படிகளில் பாசி, அதற்கு அடுத்து சட்டென்று ஆழம். நடக்கும் பிள்ளையைத் தண்ணீருக்குப் பத்துப் படி தூரத்துக்குள் இறக்குவதாக இருந்தால், தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

குழந்தையைக் கங்கையில் முக்குவதைப் பற்றி வீட்டில் பேச்சு வரும். கங்கையின் புனிதத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை, ஆனால் அந்தத் தண்ணீரில் கழிவும் கலக்கிறது, குழந்தையின் வயிறு அதைத் தாங்காது. தலையில் நாலு சொட்டுத் தெளித்தால் புரோட்சணம் ஆகிவிட்டது. பாட்டியிடம் மருமகள் சொல்வதைவிட வாத்தியார் சொன்னால் எடுபடும். முதல் நாளே அவரிடம் சொல்லி வையுங்கள். தெளிக்கும்போது வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகுக்குக் காலை நேரமே நல்லது, அஸ்ஸியிலிருந்து கேதார் கட்டம் வரை போய்த் திரும்பினால் போதும். படகில் லைஃப் ஜாக்கெட் இருக்கும், ஆனால் பெரியவர்கள் அளவு. பிள்ளைக்குப் போட்டால் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். பிள்ளையின் எடைக்கு ஏற்றதை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். தண்ணீரில் இருக்கும்போது குழந்தையைப் பையில் கட்டி வைக்கக் கூடாது. கவிழ்ந்தால் இருவரும் சிக்கிக்கொள்வீர்கள்.

மாலை ஆரத்திக்கு தசாஸ்வமேதத்தில் படகில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று படகுக்காரர்கள் அழைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் படகுகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றுவிடும். நடுவில் பிள்ளை வீறிட்டால் முடியும்வரை வெளியே வர முடியாது. மணியும் சங்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்த சத்தம் வேறு. அஸ்ஸி கட்டத்து ஆரத்தி சின்னது, பின்வரிசைப் படியில் உட்கார்ந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். விடியற்காலையில் அங்கேயே நடக்கும் சுபஹ்-ஏ-பனாரஸ் நிகழ்ச்சியும் குழந்தைக்கு ஏற்றது. சீக்கிரம் விழிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆரத்தியும் பாட்டும் பிடித்துப்போகும்.

சாப்பாடு

வறுத்து அரைத்த அரிசி பருப்புக் கஞ்சி மாவு, ராகி மாவு, ஒரு சின்ன மின்சாரக் கெட்டில், ஃபிளாஸ்க். இவை இருந்தால் எந்த அறையிலும் பத்து நிமிடத்தில் சாப்பாடு தயார். தண்ணீர் சீல் உடையாத பாட்டில்தான், அதையும் குழந்தைக்குக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்தால் தேன் கூடாது, பிரசாதத்தில் பஞ்சாமிர்தம் கொடுத்தால் நீங்களே சாப்பிடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வாழைப்பழம், புதிதாகக் கொதித்த பால், சூடான கிச்சடி தாராளமாகக் கொடுக்கலாம்.

குளிர்காலக் காலையில் விற்கும் மலையோ என்ற பால் நுரை இனிப்பு, திறந்த வெளியில் பனியில் வைத்துச் செய்வது. பெரியவர்கள் ருசிக்கட்டும், குழந்தைக்கு வேண்டாம். தண்டாய் என்ற பால் பானத்தின் விஷயத்தில் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். காசியில் அதில் பாங் (அரைத்த கஞ்சா இலை) கலப்பது சகஜம், சில இடங்களில் லஸ்ஸியிலும் கலப்பார்கள். வெளியே வாங்கும் தண்டாயை ஒரு மிடறுகூடப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பால் கொடுக்கும் தாயும் குடிக்கக் கூடாது.

உடம்புக்கு வந்தால்

கிளம்புவதற்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரைப் பார்த்து, எடைக்கு ஏற்ற காய்ச்சல் மருந்தின் அளவை எழுதி வாங்குங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள், இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே காட்ட வேண்டும். லங்கா பகுதியில் காசி இந்து பல்கலைக்கழகத்தின் சர் சுந்தர்லால் ஆஸ்பத்திரி இருக்கிறது, எதிரே வரிசையாக மருந்துக் கடைகள். அஸ்ஸியில் தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அங்கிருந்து லங்கா பக்கம்தான்.

நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், காயம் சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும், மற்ற எல்லாத் திட்டமும் அதற்குப் பிறகு. கொசுவுக்குக் குடை மாதிரி விரியும் வலை கொண்டுபோங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொசு விரட்டி மருந்து எதுவும் பூசக் கூடாது.

காரிய நாளும் ஓய்வு நாளும்

ஐந்து கட்டங்களுக்கும் படகில் போய்ச் செய்யும் சிராத்தம் பல மணி நேரம் பிடிக்கும். அந்தப் படகில் குழந்தைக்கு இடமில்லை. கர்த்தாவாக உட்கார வேண்டியவர் யார், பிள்ளையோடு அறையில் இருப்பவர் யார் என்று முன்பே வாத்தியாரிடம் பேசி முடிவு செய்யுங்கள். திரிவேணி, காசி, கயா மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் திட்டத்தில், கயாவுக்குச் சாலை வழியாக ஒரு பக்கத்துக்கே 250 கிலோமீட்டர் அளவில் வரும். அன்று பிள்ளையும் ஒரு பெரியவரும் காசியிலேயே தங்கட்டும்.

அந்த நாளைச் சாரநாத்தில் கழிக்கலாம். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். தாமேக் ஸ்தூபியைச் சுற்றி அகலமான புல்வெளி, பிள்ளை இஷ்டம்போல ஓடலாம், ஹாரன் சத்தம் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போங்கள். மர நிழல், அகலச் சாலைகள், உள்ளேயே புது விஸ்வநாதர் கோயில். மூன்று நாளில் ஒரு நாளாவது இப்படிக் கடந்தால்தான் மீதி நாளில் பிள்ளை ஒத்துழைக்கும்.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால், மருத்துவரிடம் காசி போய் வந்ததை முதலிலேயே சொல்லுங்கள். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அங்கே ரேபிஸ் ஊசி ஆரம்பித்திருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வந்து, மீதித் தவணைகளைக் குறித்த தேதியில் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் போட்டு முடியுங்கள்.